கந்தோருக்கு நான்கு மைல்

பத்திரிகையாளர்களின் பேனாவைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய முழங்கால்களைப் பற்றி எழுதியவர்களை நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில், என் தொழிலில் பாதியைக் கைகளும் மீதியைக் கால்களும் செய்தன என்று துணிந்து சொல்வேன். இணுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியால் தாவடி, கொக்குவில், தட்டாதெரு, வண்ணார்பண்ணை தாண்டி நகரத்திலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு நான்கு மைல். திரும்பி வர நான்கு மைல். இடையிலே ஆஸ்பத்திரி, கச்சேரி, நீதிமன்றம், கூட்டம், மரண வீடு என்று ஓடிய தூரத்துக்குக் கணக்கில்லை. அதற்குப் போக்குவரத்துப் படியும் இல்லை.

அலுவலகத்தை என் தாயார் 'கந்தோர்' என்றே சொல்லுவார். ஒல்லாந்தர் இலங்கையை விட்டுப் போனது 1796இல். அவர்கள் விட்டுச்சென்ற அந்தச் சொல் அம்மாவின் வாயில் அவர் இறக்கும்வரை இருந்தது. நான் செய்த தொழில் என்னவென்று அவருக்குச் சரியாக விளங்கியதோ தெரியாது. ஆனால் எத்தனை மணிக்குச் சைக்கிள் படலையடியில் வந்து நிற்கிறது என்பதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

சைக்கிளைப் பற்றி எழுதும்போது எங்கள் பத்திரிகைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. தெருவிலே எல்லோரும் சொல்வது சைக்கிள். செய்தியில் அது துவிச்சக்கர வண்டியாகிவிடும். தமிழகத்தார் மிதிவண்டி என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். நாங்களோ ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கிப் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. ஒற்றைப் பத்தித் தலைப்பில் 'துவிச்சக்கர வண்டி' அடங்காது. எங்கள் அச்சுக்கோப்பாளர் ஒருவர், "தம்பி, அந்தாளைச் சைக்கிளாலை இறக்கிப்போட்டு நடந்து போனதா எழுதுங்கோ, இடம் மிச்சம்" என்று சொல்வதுண்டு.

1978இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாமா ஒருவர் தம்முடைய பழைய றலி சைக்கிளைத் தந்தார். நொட்டிங்ஹாமில் செய்யப்பட்டது. கழுதையைப் போலப் பாரம் சுமக்கும். கழுதையைப் போலவே அடமும் பிடிக்கும். காற்சட்டையின் வலது காலைச் செயின் கடித்துவிடாமல் ஒரு கிளிப் மாட்டிக்கொள்வோம். வேட்டி கட்டும் நாட்களில் அந்தக் கிளிப்பால் பயனில்லை. நல்லூர்த் திருவிழாவைப் பார்த்து எழுதப் போனவர்களில், கறுப்புக் கிறீஸ் கரையுடன் திரும்பி வராதவர் எவருமிலர்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு அதுதான் முதலாளி. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். நான் தெற்கு நோக்கிப் போகவேண்டியவன். ஆகவே காலையில் காற்று நெஞ்சிலே கையை வைத்துத் தள்ளும். ஐப்பசிக்குப் பிறகு வாடை. அது வடகிழக்கிலிருந்து மழையையும் கூட்டிக்கொண்டு வந்து, இரவில் வீடு திரும்பும்போது எதிரே நிற்கும். உதவிக்கு வரும் காற்றை யாரும் கவனிப்பதில்லை. அந்த நேரம் தன் கால்தான் பலம் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்வான். ஆடி மாதத்தில் நான் எழுதும் செய்திகளில் அரச அதிபர் மீது கோபம் கூடுதலாகத் தெரிகிறது என்று எங்கள் செய்தி ஆசிரியர் ஒருமுறை சொன்னார். அவர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவிலே குடியிருந்தவர்.

இரவுப் பயணத்துக்கு டைனமோ விளக்கு. சில்லோடு உரசிச் சுழன்று ஒளி தரும் அந்தச் சிறு குப்பிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகமாக ஓடினால் வெளிச்சம் கூடும். பாதை சரியில்லையே என்று வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறைந்துவிடும். எங்கே நன்றாகப் பார்க்கவேண்டுமோ அங்கே கண் தெரியாது. 1982இல் ஒரு நள்ளிரவு, தாவடி தாண்டியதும் தெருவில் ஏதோ பள்ளம் போலத் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன், விளக்கு மங்கியது, பள்ளம் எழுந்து நின்றது. நல்ல கறுத்த நாம்பன் மாடு. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், பையிலிருந்த மறுநாள் பத்திரிகை ஒரு பக்கம். முழங்காலைத் தடவிக்கொண்டு எழும்புகையில் மாடு முதற்பக்கத்தை மென்றுகொண்டிருந்தது. அதிகாலை விநியோகத்துக்கு முன்பே பிரதி கிடைத்த வாசகர் அவர். ஆசிரியர் தலையங்கத்தை மட்டும் விட்டுவிட்டார்.

இவ்வளவும் சமாதான காலத்துக் கதைகள். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பிறகு சைக்கிளின் அந்தஸ்து மாறிவிட்டது. மின்சாரம் நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், தீப்பெட்டி என்று நீண்ட பட்டியலே தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்றது. கார்கள் கொட்டிலுக்குள் செங்கல்லின் மேல் ஏறி நின்றன. மருத்துவர், நீதவான், பேராசிரியர், மீன் வியாபாரி எல்லோரும் சைக்கிளில். பெண்கள் சைக்கிள் ஓடுவதைக் குறைசொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள், மகளின் கரியரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புது ரயர் வாங்க வசதியில்லாதவர்கள், கிழிந்த இடத்தில் பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்துத் தைத்து ஓடினார்கள். அந்தத் தையல் தெருவில் படும்போதெல்லாம் இருக்கையில் ஓர் உதை விழும். ஆளைப் பார்க்காமலே, உதை விழும் சத்தத்தைக் கொண்டு வருகிறவர் யாரென்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள்.

செய்தித்தாள் கடதாசியும் வரவில்லை. அப்பியாசக் கொப்பிக்குரிய கோடு போட்ட தாளிலே பத்திரிகை அச்சாகியது. அதிகாலை நான்கு மணிக்கு அதைக் கட்டுக்கட்டாகக் கரியரில் ஏற்றிக்கொண்டு வலிகாமம் முழுவதும் கொண்டுபோனவர்களும் சைக்கிள்காரர்கள்தாம்.

அக்காலத்து எங்கள் வானொலியை இயக்கியதும் ஒரு சைக்கிள். ஆசிரியபீடத்தின் மூலையில் அதைத் தலைகீழாக நிறுத்தியிருந்தோம். டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகள், நடுவில் ஒரு டயோட், அப்பால் சிறிய வானொலிப் பெட்டி. டைனமோ தருவது மாறுதிசை மின்; பெட்டி கேட்பது நேர்மின்; அதற்காகத்தான் டயோட். இரவு ஒன்பதேகாலுக்குப் பீபீசி தமிழோசை தொடங்கும்போது ஒருவர் முழந்தாளிட்டு மிதியைக் கையால் சுற்றவேண்டும். இரண்டு பேர் கடதாசியும் பென்சிலுமாகக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் லண்டனும் சோர்ந்துபோகும்.

அந்த வேலை பெரும்பாலும் எங்கள் பிழைதிருத்துநரிடம் விடப்பட்டது. நிதானமான மனிதர், ஒரே சீராகச் சுற்றுவார். ஓர் இரவு செய்தியில் அவருடைய ஊரின் பெயர் வந்தது. அவர் கேட்பதற்காகக் கையை நிறுத்திவிட்டார். கை நின்றதும் வானொலியும் நின்றுவிட்டது. சில கணம் அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவர் வெறிபிடித்தவர்போலச் சுற்றத் தொடங்கியபோது தமிழோசை வேறொரு நாட்டுச் செய்திக்குப் போய்விட்டது. அவருடைய ஊரில் என்ன நடந்ததென்று மறுநாள் பத்து மணிக்கு, அங்கிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். வீடுகள் சில சேதம். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. பிழைதிருத்துநர் அன்று மாலை வழக்கம்போலச் சைக்கிளடியில் முழந்தாளிட்டார்.

விமானத் தாக்குதலிலும் சைக்கிளுக்கென ஒரு நடைமுறை இருந்தது. இரைச்சல் கேட்டதும் சைக்கிளை வேலியோரம் எறிந்துவிட்டு, கண்ணில் பட்ட பதுங்குகுழிக்குள் பாயவேண்டும். வண்ணார்பண்ணையில் ஒரு முற்பகல் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வளவுக்குள் பாய்ந்தோம். அப்போது என்னிடம் இருந்தது இலங்கையில் செய்யப்பட்ட லுமாலா. மற்றவர்களிடமும் அநேகமாக அதுவே. ஒரே நிறம், ஒரே உயரம். பூட்டும் அப்படித்தான், ஒரு திறப்பு நாலு பூட்டைத் திறக்கும். விமானம் போனபின் நான் வெளியே வந்தபோது எஞ்சிக் கிடந்தது ஒரு லுமாலா. அது என்னுடையதல்ல. அதன் இருக்கை என்னுடையதைவிடப் புதிது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். என் பையோ மற்றச் சைக்கிளின் கான்டிலில் தொங்கிக்கொண்டு போய்விட்டது. மாலையில் ஒரு ஆசிரியர் அலுவலகத்துக்கு வந்து, பையிலிருந்த அடையாள அட்டையைக் காட்டி என்னைத் தேடினார். பையை நீட்டிவிட்டு, "உங்கடை பிறேக் பிடிக்காது, தெரியுமே?" என்று கோபமாகக் கேட்டார். "தெரியும் மாஸ்டர்" என்றேன். "சொல்லியிருக்கலாமே!" என்றார். எந்த இடத்தில் சொல்லியிருக்கலாம் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கதையை எழுதுவதா விடுவதா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். 1993ஆம் ஆண்டின் பிற்பகுதி. வலிகாமம் மேற்கில் ஒரு கிராமத்தில் குண்டு விழுந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. இறந்தவர்களின் உறவினர் இன்றும் இருக்கிறார்கள். தொலைபேசி இல்லாத காலம். பெயர்களை அறிய ஒருவர் நேரே போகவேண்டும். நான் போனேன். பதினொரு பேர். பெயர், வயது, தகப்பன் பெயர், முதலெழுத்து என எல்லாவற்றையும் இரண்டு பேரிடமாவது கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஓர் ஊரில் ஒரே பெயருடையவர்கள் மூன்று பேர் இருப்பார்கள். முதலெழுத்துப் பிழைத்தால் இன்னொரு வீட்டில் தேவையில்லாமல் ஒப்பாரி எழும். ஏழு பேரின் விபரம் கிடைத்தது. நான்கு பேர் யாரென்று அந்த நேரம்வரை அடையாளம் காணப்படவில்லை.

திரும்பும் வழியில் மானிப்பாய் வீதியில், ஆனைக்கோட்டைக்குக் கிட்ட, பின்சில்லில் காற்றுப் போய்விட்டது. பத்து மணியாகிவிட்டது. பதினொன்றுக்குப் பக்கம் முடியும். உருட்டிக்கொண்டு ஓடினேன். படலையொன்றில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலே சாரத்துடன் ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும்.

"என்ன தம்பி, காத்துப் போட்டுதே?"

"ஓம் அண்ணை. இந்த நேரத்திலை ஒட்டுற கடை ஏதும் இருக்குமே?"

"ஆர் திறந்து வைச்சிருக்கிறான்? எங்கையிருந்து வாறியள்?"

ஊரைச் சொன்னேன். அவர் விளக்கைக் கையில் எடுத்தார்.

"பேருகள் வைச்சிருக்கிறியளே? ஒருக்கா வாசியுங்கோ."

அவர் விளக்கை உயர்த்திப் பிடிக்க, நான் ஏழு பெயர்களையும் வாசித்தேன். அவருடைய தங்கையை அந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விரல்விட்டு எண்ணியவர், "பதினொண்டு எண்டுதானே ஆக்கள் சொல்லிச்சினம்? மற்ற நாலும்?" என்றார்.

"இன்னும் ஆர் எண்டு தெரியேல்லை, அண்ணை."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தம்முடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "இதிலை போங்கோ. பேருகள் போகவேணும்" என்றார்.

போரின் நடுவில், சைக்கிள் ஒன்று ஒரு குடும்பத்தின் முழுச் சொத்தாக இருந்த நாளில், முன்பின் அறியாத ஒருவனிடம் அதைக் கொடுத்தார். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. பதினொன்றுக்குள் அலுவலகம் வந்து சேர்ந்தேன். ஏழு பெயர்களும் அச்சேறின.

மறுநாள் காலை அவருடைய சைக்கிளையும் பத்திரிகைப் பிரதி ஒன்றையும் கொண்டுபோனேன். என் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்து, திண்ணையோரம் சாத்தி வைத்திருந்தார். ரயரிலிருந்து எடுத்த மாட்டு லாட ஆணி சுவர்க்கட்டில் கிடந்தது. மனிதர் இரவு உறங்கியதாகத் தெரியவில்லை. அடையாளம் தெரியாத நால்வரில் இருவர் யாரென்று அதற்குள் தெரியவந்திருந்தது. சொன்னேன். அவர்களும் தங்கை வீட்டாரல்லர். இன்னும் இரண்டு. பத்திரிகையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் ஒருக்கா அங்கை போட்டு வாறன், தம்பி" என்றார். நான் கொண்டுவந்து கொடுத்த சைக்கிளிலேயே ஏறி மேற்குப் பக்கமாகப் போனார்.

ஒரு கிழமை கழித்து அந்த வழியால் போகவேண்டியிருந்தது. அந்த வளவில் இரண்டு சிறுபிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். முன்பு அங்கே பிள்ளைகள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அயல் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். கேள்வி கேட்பதே என் தொழில். அன்று நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் மக்கள் அனைவரும் மழையோடு மழையாகத் தென்மராட்சி நோக்கி நடந்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செம்மணி தொடங்கி நாவற்குழிப் பாலம் வரை ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் இருந்தன. ஓடியது ஒன்றுகூட இல்லை. கால் வைக்க இடமில்லாத நெருக்கத்தில் அவை எல்லாம் தள்ளுவண்டிகளாகிவிட்டன. என்னுடையதன் பாரில் இரண்டு மூட்டை, கான்டிலில் தண்ணீர்ப் போத்தல், கரியரில் தலையணை வைத்து அம்மா. பாலத்தை அண்டியபோது பொழுது விடிந்துவிட்டது. அம்மா அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்து, "இண்டைக்குக் கந்தோர் இல்லையே அப்பு?" என்று கேட்டார். பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒரு பெண்மணி, அந்த நிலையிலும் சிரித்துவிட்டார்.

1996இல் ஊர் திரும்பியபோது எங்கள் நான்கு மைல் துண்டுதுண்டாகியிருந்தது. இராணுவச் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி, உருட்டி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, அப்பால் போய் ஏறவேண்டும். சாப்பாட்டுப் பெட்டியும் திறக்கப்படும். காலையில் ஆவி பறக்கக் கட்டிய புட்டு அலுவலகம் சேரும்போது குளிர்ந்துபோயிருக்கும். இரவு ஊரடங்கு நாட்களில் வீடு திரும்ப முடியாது. பழைய பத்திரிகைகளை விரித்து அலுவலகத்திலேயே படுத்துக்கொள்வோம். சைக்கிள்களும் உள்ளேதான்.

பிறகு வந்த காலம் இன்னும் மோசமானது. 2007 ஏப்ரல் 29ஆம் திகதி 'உதயன்' நாளிதழின் இளம் நிருபர் ஒருவர், சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வந்தது மோட்டார் சைக்கிளில். அதன்பின் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எங்களிற் பலர் தெருவோரம் ஒதுங்கி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி, அது கடந்துபோகும்வரை நிற்கத் தொடங்கினோம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிரே வரும் சக ஊழியன் அதே மாதிரி நிற்பதைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவோம். கண்ணாடி பூட்டலாம் என்று ஒருவர் சொன்னார். பார்த்து என்ன செய்வது என்று மற்றவர் கேட்டார். ஆனாலும் இரண்டு பேர் பூட்டினார்கள்.

போர் 2009இல் முடிந்தது. அலுவலக முற்றத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிறைந்தன. நான் ஓய்வு பெற்றேன். லுமாலாவை மருமகன் கொண்டுபோனான். மாமாவின் றலி மட்டும் கொட்டிலுக்குள் நிற்கிறது. சுன்னாகம் சந்தைக்குக் கிழமையில் ஒருநாள் போய்வருவேன்.

2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசை நீண்டது. சைக்கிள் விலை கண்டபடி ஏறியது. ஜூன் மாதத்தில் ஒரு மாலை, என் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், அயலூர்ப் பிள்ளை, வந்து தயங்கி நின்றார். இரண்டு நாளாக வரிசையில் நின்றும் பெற்றோல் கிடைக்கவில்லையாம்.

"ஐயா, உங்கடை சைக்கிள் சும்மா நிக்குதெண்டு சொல்லிச்சினம்..."

கொடுத்தேன். காற்சட்டைக் கிளிப்பையும் தேடி எடுத்துக் கொடுத்தேன். அது எதற்கென்று கேட்டார்.

மறுநாள் காலை சோளகம் நன்றாக வீசியது. எட்டரை மணிக்குக் கைத்தொலைபேசியில் அழைத்தார். தாவடியில் நிற்கிறாராம், செயின் கழன்றுவிட்டதாம், ஒன்பது மணிக்குக் கச்சேரியில் கூட்டமாம், வெள்ளைச் சட்டையாம். வேலியிலே ஒரு தடி முறிக்கச் சொன்னேன். செயினைத் தடியால் தூக்கிப் பற்சில்லின் கீழ்ப்பக்கத்துப் பல்லில் கொளுவி, மிதியை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றச் சொன்னேன். சற்று நேரம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"விழுந்திட்டுது ஐயா!" என்றார். கையில் கிறீஸ் பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார்.